பேச்சு முடிந்தால் தோண்டலாம்

நீதிமுத்து சட்டக் கல்லூரியில் ஏழைகளுக்கு உதவாமல் யாரும் பரீட்சை எழுத முடியாது. வகுப்புக்கு வராமல் இருந்தால் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துச் சமாளிக்கலாம். தொண்டு செய்யாமல் இருந்தால் எந்தச் சர்டிபிகேட்டும் செல்லாது, ஹால் டிக்கெட் வராது. தொண்டு என்பது உள்ளத்திலிருந்து தானாக வர வேண்டும் என்று முதல்வர் முனைவர் நவநீதகிருஷ்ணன் அடிக்கடி சொல்வார். அப்படி வராதவர்களுக்கு வாட்ஸப் குரூப்பில் வரும்படி ஏற்பாடு செய்திருந்தார்.

தொண்டுக்கு விதிமுறைகள் உண்டு. அவற்றில் தலையாயது இது: மாணவர்கள் மக்களுக்கு விழிப்புணர்வு கொடுக்கலாம், ஆலோசனை கொடுக்கக் கூடாது. "உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொன்னால் விழிப்புணர்வு. அந்த உரிமையை எங்கே போய் எப்படிக் கேட்பது என்று சொன்னால் ஆலோசனை. ஆலோசனை சொன்னவரின் தொண்டு நேரம் வெட்டப்படும். இந்த நுட்பத்தை விளக்குவதற்கென்றே திட்ட ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் தனபால் ஒரு தனி வகுப்பு எடுப்பார்.

"நாம டாக்டரு இல்லப்பா. டாக்டரு இருக்கறாருன்னு போர்டு எழுதறவங்க. போர்டு எழுதறவன் உள்ள பூந்து ஊசி போட்டா என்னாகும்?"

வகுப்பில் யாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் அதுவும் ஆலோசனையாகிவிடுமோ என்று பயம்.

நான்காம் ஆண்டு அன்புச்செல்விக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட அதிகம். கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். ஏற்கெனவே ஓமலூர் பக்கத்தில் நடந்த முகாமில் ஒரு பெரியவர் உதவித்தொகை மனுவை எந்த ஆபீசில் கொடுப்பது என்று கேட்க, இவள் எதிரே இருந்த கட்டடத்தைக் கையால் காட்டிவிட்டாள். வாயே திறக்கவில்லை. கையால் காட்டியதும் ஆலோசனைதான் என்று தனபால் தீர்ப்புச் சொன்னார். அன்றைய நேரம் முழுக்கப் போயிற்று. இப்போது ஜேடர்பாளையம் பக்கத்தில் நடக்கும் முகாம்தான் கடைசி. இதிலும் வெட்டினால் இந்த வருடம் பரீட்சை கிடையாது. அதனால் தனபாலே இரக்கப்பட்டு அவளை மேடைத் தொகுப்பாளராகப் போட்டார். எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் யாருக்கும் உபகாரம் செய்துவிட முடியாது என்பது அவர் கணக்கு.

முகாமின் தலைப்பு 'உங்கள் பாதை, உங்கள் உரிமை.' தலைப்புகள் முறைவைத்து வரும். போன வாரம் நுகர்வோர் உரிமை, இந்த வாரம் பாதை உரிமை. ஊருக்கும் தலைப்புக்கும் சம்பந்தம் பார்ப்பதில்லை. சாமியானா, சவுண்டு செட்டு, பிரியாணி எல்லாம் உள்ளூர்ப் பெரும்புள்ளி காளியண்ணன் உபயம். இடமும் அவருடைய விவசாயக் காடுதான். அவரே புரவலர், அவரே சிறப்பு விருந்தினர்.

கல்லூரிப் பேருந்து போய் நின்றபோது சாமியானாவுக்குப் பின்னால் ஒரு ஜேசிபி நின்றிருந்தது. அதன் வாளிக்கு முன்னால், மண் தடத்தின் நடுவில், ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். 'பயனாளி ஒருவரைப் பிடித்து வரவும்' என்பது அன்புச்செல்விக்கு இடப்பட்ட முதல் வேலை. அவள் நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"வக்கீலுக்குப் படிக்கற புள்ளையா நீயி?" என்றாள் அந்தப் பெண். பெயர் வசந்தாமணி. "நல்ல நேரத்துக்கு வந்தே சாமி. இந்தத் தடத்தைப் பாரு. எங்க ஊட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் போறதுக்கு இதொண்ணுதான். சுத்தியும் இருக்கற காட்டையெல்லாம் காளியண்ணன் வாங்கிப் போட்டாரு. இப்பத் தடமும் தன்னுதுங்கறாரு. குறுக்கால குழி வெட்டச் சொல்லி வண்டி கொண்டாந்து நிறுத்தியிருக்கறாரு."

"எப்பக்கா வெட்டப் போறாங்க?"

"இப்பத்தான். நானு முன்னால வந்து நின்னேன். அந்நேரம் பார்த்து உங்க வாத்தியாரு ஓடியாந்து, மைக் டெஸ்ட் பண்ணோணும், வண்டிய ஆப் பண்ணுன்னாரு. என்னால நின்னுதா, அவரால நின்னுதான்னு தெரியல."

அவளுடைய வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். பண்ணையில் இருந்த தீவனம் அன்று பொழுது சாயும் வரைக்கும்தான் வரும். தீவன லாரி சாயங்காலம் வந்தாக வேண்டும்.

"குழி வெட்டீட்டா லாரி எப்படிக் கண்ணு உள்ள வரும்? வவுத்துக்கு இல்லீன்னா கோழி சும்மா இருக்காது. ஒண்ணையொண்ணு கொத்திக் கொன்னுபோடும். எங்களுக்கு அந்தப் பண்ணைய உட்டா வேற கதி இல்ல. வக்கீலம்மா உண்ணாமலை காலைலயே பரமத்தி கோர்ட்டுக்குப் போயிருக்குது. தடை வாங்கிக்கிட்டு நேரா வாரேன்னு சொல்லிச்சு. அது வர்ற வரைக்கும் தடம் தடமா இருக்கோணும். வெட்டுனதுக்கப்பறம் தடை வந்து என்னத்துக்காகும், குழிக்குள்ள ஒட்டறதுக்கா?"

அன்புச்செல்விக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். தலையை ஆட்டலாமா என்று யோசித்து, அதையும் செய்யாமல் தனபாலிடம் ஓடினாள்.

"சார், இங்கயே ஒரு பாதைப் பிரச்சினை இருக்கு சார். நம்ம தலைப்பும் அதான்..."

தனபால் சால்வைகளைப் பெரியது சின்னது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "அது பிரச்சினை. நம்முளுது தலைப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே. மறிக்கறது யாரு?"

"காளியண்ணன் சார்."

"அப்ப அது பிரச்சினையே இல்ல. பிரியாணி அவருது." பிறகு எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஆனா நல்ல பயனாளிம்மா! மேடையேத்து. நெசமாவே கஷ்டம் இருக்கற முகத்துக்குப் போட்டோவுல ஒரு களை வரும். போன தடவ புடிச்சாந்த ஆளு சிரிச்சுக்கிட்டே நின்னுபோட்டாரு."

"அந்தக்காவுக்கு நாம என்ன சார் நன்மை செய்யறோம்?"

"அதான் மேடையேத்தறமே!"

மைக் டெஸ்ட் முடிந்தது. சவுண்டு செட்டுக்காரர் டீ குடிக்கப் போனார். மைக் அடங்கிய மறு நிமிடம் ஜேசிபி உறுமியது. ஓட்டுநர் கோகுல்ராஜ் வாளியை இறக்கித் தடத்தின் ஓரத்தில் ஒரு அள்ளு அள்ளினான். வசந்தாமணி "அய்யோ, அய்யோ" என்று கத்தியது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அன்புச்செல்விக்கு மட்டும் அவள் வாய் அசைவது தெரிந்தது.

அந்தச் சமயத்தில் முதல்வரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "இது என்ன இரைச்சல்? நான் பேச வேண்டாமா?" என்றார். காளியண்ணன் பதறிப்போய் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"டேய் கோகுலு! ஆப் பண்ணுடா. பெரியவங்க பேசறப்பச் சத்தம் போட்டா மரியாதையா? மைக் பேசற வரைக்கும் கையை வெக்கக் கூடாது. பேச்சு முடிஞ்சுதுன்னா தோண்டு."

"சரிங்கண்ணா."

ஜேசிபி அடங்கியது. அன்புச்செல்வி அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பேச்சு முடிந்தால் தோண்டலாம். அப்படியென்றால் பேச்சு முடியாமல் இருந்தால் தோண்ட முடியாது. நான்கு வருடம் சட்டம் படித்ததில் இத்தனை தெளிவான தடை உத்தரவு அவள் கண்ணில் பட்டதில்லை.

ஆனால் முதல்வருக்கு அவசரம். "சுருக்கமா முடிங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நான் கிளம்பணும்" என்றார். வசந்தாமணி வக்கீலுக்குப் போன் போட்டாள். உண்ணாமலையின் குரல் அவசரமாக வந்தது. "இன்னும் நம்ம கேசைக் கூப்பிடலீங்க. சாப்பாட்டு நேரத்துக்கப்பறந்தான் கூப்பிடுவாங்க. எப்படியாவது புடிச்சு நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்புச்செல்வி மைக்கைக் கையில் எடுத்தாள்.

இந்தப் பக்கத்து மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மேடையிலும் முன்வரிசையிலும் இருக்கும் ஒவ்வொருவரையும் பட்டம், பதவி, முன்னாள் பதவி எல்லாம் சேர்த்துப் பேர் சொல்லி, சால்வை போர்த்தி வரவேற்க வேண்டும். ஒருவர் பேர் விட்டுப்போனால் அவர் எழுந்து போவார். அவரோடு பங்காளிகளும் போவார்கள். பிறகு தலைமுறைக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருக்காது. சரி, விட்ட பேரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், கடைசியில் சொல்வது விட்டதைவிடப் பெரிய அவமானம். அதற்கு ஒரே பரிகாரம், முதலிலிருந்து மறுபடி வரவேற்பதுதான்.

அன்புச்செல்வி பட்டியலை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். காளியண்ணனின் மைத்துனரும் பால் சொசைட்டியின் முன்னாள் தலைவருமான ராசப்பன் பேரை மட்டும் தாண்டிப் போனாள்.

ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நானு வாரேனுங்க மச்சான். இங்க நமக்கு எடமில்ல."

கூட்டம் கலகலத்தது. காளியண்ணன் முகம் கறுத்தது. "ஏனுங்க முதல்வரே, எம்பட காட்டுல எம்பட மச்சானுக்கு அவமரியாதையா?"

முதல்வர் சட்டம் படித்தவர். உடனே தீர்ப்பளித்தார். வரவேற்பு செல்லாது. செல்லாத வரவேற்பின் அடிப்படையில் போர்த்திய சால்வைகளும் செல்லாது. எல்லாச் சால்வைகளும் கழற்றி வாங்கப்பட்டு, மடிக்கப்பட்டு, மறுபடி வரவேற்புரை படிக்கப்பட்டு, மறுபடி போர்த்தப்பட்டன. போட்டோக்காரர் இரண்டாவது முறையும் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். ஜேசிபி மேல் கோகுல்ராஜ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பொழுது உச்சிக்கு வந்திருந்தது.

பிறகு முதல்வர் உரையாற்றினார்.

"நான் பொறுப்பேற்றபோது ஏழைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் இன்று நாம் சாமியானா போட்டிருக்கிறோம்." கைதட்டல். "ஏழை நம்மைத் தேடி வரக் கூடாது. நாம்தான் அவனைத் தேடிப் போக வேண்டும். ஏன்? தேடி வருகிற ஏழை கேள்வி கேட்கிறான். நாம் தேடிப் போகிற ஏழை கைதட்டுகிறான். இதைத்தான் நான் மக்களை நோக்கிய சட்டம் என்கிறேன். எங்கள் மாணவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ முகாம் நடத்தியிருக்கிறார்கள். இதுவரை ஒரு புகார்கூட இல்லை. புகார் மனு வாங்குவதில்லை என்பதில் நாங்கள் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம்!"

இன்னும் நெடுநேரம் பேசியிருப்பார். பாதியில் கரண்ட் போய்விட்டது.

மைக் செத்தது. முதல்வர் வாய் மட்டும் அசைந்தது. கோகுல்ராஜ் நிமிர்ந்து பார்த்தான், காதைத் தீட்டிக் கேட்டான், சாவியைத் திருப்பினான். சொன்ன சொல் தவறாத பையன். வாளி தடத்தில் இறங்கியது. முதல் அள்ளில் ஓரம் போயிற்று. அடுத்ததில் ஒரு சக்கரம் போகிற அகலம் போயிற்று. அன்புச்செல்வி புடவை தடுக்க மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

"அக்கா, கரண்டு! கரண்டு வேணும்க்கா!"

வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் ஜெனரேட்டர் இருக்கும். அவள் பண்ணைக்கு ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினாள். மாணவர்கள் ஒயரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்குள் தடத்தில் கால்வாசி குழியாகிவிட்டது. ஒயரைச் சொருகியதும் "...ஆகவே அன்பார்ந்த பெருமக்களே" என்று முதல்வரின் குரல் ஊர் அதிரக் கேட்டது. ஜேசிபியின் வாளி அந்தரத்தில் மண்ணோடு நின்றது.

அப்படியாக, வசந்தாமணியின் ஜெனரேட்டரில், வசந்தாமணியின் டீசலில், அவளுடைய தடத்தை வெட்ட வந்தவரைப் புகழும் விழா தொடர்ந்து நடைபெற்றது. அவள் ஜெனரேட்டர் பக்கத்திலேயே டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காளியண்ணன் பேச எழுந்தார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. செய்யத்தான் தெரியும். பாதைங்கறது எனக்கு உசுருங்க. ஒருத்தன் பாதைய இன்னொருத்தன் மறிக்கறது மகா பாவம். அதனாலதான் நானு எங்க பாதை இருந்தாலும் எம்பட பேருக்கு வாங்கிப்போடறேனுங்க. எல்லாப் பாதையும் என்னுதாப் போயிட்டா, அப்பறம் அடுத்தவன் பாதைன்னு ஒண்ணு இருக்குமா? மறிக்கறதுங்கற பேச்சே வராதுங்களே!"

முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார். தனபால் 'அரிய கருத்து' என்று குறித்துக்கொண்டார்.

பிரியாணி வாசம் மேடை வரைக்கும் வந்தது. கூட்டம் நெளிந்தது. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். கோகுல்ராஜ் ஜேசிபி கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். வக்கீலிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்புச்செல்வியின் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலில் பயனாளி பேச்சும் நன்றியுரையும் மட்டும்தான் பாக்கி.

"அடுத்ததாக, பட்டமளிப்பு!" என்றாள்.

தனபால் பாய்ந்து வந்தார். "என்னம்மா இது? நிரல்ல இல்லையே!"

"கூட்டத்துல சொல்லிட்டேன் சார். இப்ப இல்லைன்னா அவருக்கு மரியாதைக் குறைச்சல்."

தனபால் இன்னொரு சால்வையை எடுத்துக் கொடுத்தார். காளியண்ணனுக்கு 'வழித்தட வள்ளல்' என்ற பட்டம் அந்த இடத்திலேயே உருவாக்கி வழங்கப்பட்டது. வாங்கினவர் ஏற்புரை பேச வேண்டும். அவர் பேசி முடிப்பதற்குள் ராசப்பன் மறுபடி துண்டை உதறினார். அவருக்குப் 'பால்வளச் செம்மல்.' அவருக்கும் ஏற்புரை. முன்வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் செம்மலானார்கள், சுடரானார்கள், மாமணியானார்கள். சவுண்டு செட்டுக்காரர் 'ஒலிவேந்தர்' ஆனார். புறப்பட எழுந்த முதல்வர், தனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை என்பதைக் கவனித்து மறுபடி உட்கார்ந்தார். அன்புச்செல்வி அவரைக் கடைசிவரை விட்டுவைத்தாள். தொண்டை கட்டி, புதுப்பட்டம் ஒன்றும் ஓடாமல், காலி வயிற்றோடு நின்றுகொண்டு, "அய்யா முனைவர் அவர்களுக்கு 'நீதியின் நிழற்குடை'" என்று ஒருவழியாகச் சொன்னபோது பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது.

நிழற்குடை மனநிறைவோடு எழுந்தது. "பயனாளியைக் கூப்பிட்டு முடிங்க" என்றார்.

வசந்தாமணியை மேடையேற்றித் தனபால் ஒரு தாளைக் கொடுத்தார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தாளைப் படித்தாள். "இந்த முகாமினால் எனக்குப் பாதை கிடைத்தது. நன்றி." படித்துவிட்டு நிமிர்ந்தாள். சாமியானாவுக்கு வெளியே வாளி தூக்கி நின்ற ஜேசிபியைப் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கெடைச்சுதுன்னு எழுதியிருக்குதுங்க. எனக்கு இன்னும் கெடைக்கலீங்க. அந்தா, பாதி வெட்டிக் கெடக்குது பாருங்க. வெட்டுனவரு இந்தா, மாலை போட்டு உக்காந்திருக்கறாரு. கோழியெல்லாம் வவுறு காஞ்சு கத்துது. அதுகளுக்கு நீங்க என்ன பட்டம் குடுக்கப் போறீங்க?"

காளியண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஓகோ, இதுக்குத்தானா இத்தனை இழுவை? போதும்! மைக்கை ஆப் பண்ணுங்க. டேய் கோகுலு, வேலையப் பாருடா!" தனபால் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "நன்றியுரை, நன்றியுரை" என்றார். ஜேசிபி உறுமியது.

அந்நேரம் மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கறுப்புக் கோட்டும் வியர்வையுமாக உண்ணாமலை இறங்கினார். கையில் உத்தரவு நகல்.

"வாங்கிட்டேன். ஆனா இதை அந்தாளு கையில குடுக்கோணுமே" என்றார் அன்புச்செல்வியிடம், மூச்சு வாங்க. "என் கோட்டைப் பார்த்தாலே ஓடிருவாரு. போன தடவ நோட்டீசு கொண்டாந்தப்ப வாழைக்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாரு. கதவுல ஒட்டலாம். ஒட்டறதுக்குள்ள வெட்டி முடிச்சுப்போட்டு, எனக்குத் தெரியாதும்பாரு."

அன்புச்செல்வி ஒரு நொடி நின்றாள். இதுவரை செய்ததையெல்லாம் மேடை அலங்காரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இனிமேல் செய்வதை அப்படிச் சொல்ல முடியாது. பரீட்சை போய்விடும். அப்பா என்ன சொல்வார் என்று நினைத்தாள். வெளியே மண் சரியும் சத்தம் கேட்டது. தாம்பாளத்தில் மிச்சமிருந்த பெரிய சால்வையை விரித்து, அதன்மேல் உத்தரவை வைத்து, தனபால் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"பெரியோர்களே, ஒரு மரியாதை விட்டுப்போச்சு. மன்னிக்கணும். நம்ம வழித்தட வள்ளலுக்குக் கோர்ட்டிலிருந்தே ஒரு சிறப்பு மரியாதை வந்திருக்குது!"

மரியாதை விட்டுப்போச்சு என்றதும் இறங்கப்போன காளியண்ணனின் கால் படியிலேயே நின்றது. கையைக் காட்டி ஜேசிபியை நிறுத்தச் சொன்னார். கோர்ட்டே கௌரவிக்கிறது என்றால் சும்மாவா? துண்டைச் சரிசெய்துகொண்டு மேடை நடுவுக்கு வந்தார். முதல்வருக்கும் பதற்றம். இந்தக் கல்லூரி மேடையில் எது வழங்கப்பட்டாலும் அது அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். தாம்பாளத்தை ஏறக்குறைய பிடுங்கி, சால்வையைப் போர்த்தி, தாளை இரண்டு கையாலும் நீட்டி, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

காலையிலிருந்து நீட்டியதையெல்லாம் வாங்கி வாங்கிப் பழகிய கை. தானாக முன்னால் வந்தது. காளியண்ணன் குனிந்து, கும்பிட்டு, கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். கூட்டம் விசிலடித்தது. உண்ணாமலை தன் செல்போனில் முழுவதையும் படம் பிடித்தார். பிறகு மேடையேறி, மைக்கில் உத்தரவைப் படித்துச் சொன்னார். இருக்கிற தடத்தைக் காளியண்ணனோ அவரது ஆட்களோ வெட்டவோ மறிக்கவோ கூடாது.

"ஏனுங்க முதல்வரே," காளியண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "என்னத்தைக் குடுத்தீங்க எங்கையில?"

"நான் அதை வாசிக்கவில்லை, வழங்கினேன்" என்றார் முதல்வர்.

"டேய் கோகுலு! நீ வெட்றா!"

கோகுல்ராஜ் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். "ஊரே கேட்டுப்போச்சுங்கண்ணா. வண்டிய ஸ்டேசன்ல புடிச்சு வெச்சுட்டா எங்க ஓனரு என்னையத்தான் தோலை உரிப்பாரு. எனக்குப் பிரியாணி இருக்குதுங்களா?"

பேருந்து கிளம்பும் முன் தனபால் அன்புச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"இன்னிக்கு நேரம் பூரா கேன்சல். ஹால் டிக்கெட் கெடைக்காது. அதுகூடப் பரவால்ல, நீ அடிப்படையையே புரிஞ்சுக்கல. ஒரு பயனாளிய இப்படி ஒரே நாள்ல தீர்த்து வெச்சுட்டா, அடுத்த வருசம் யாரை வெச்சு முகாம் நடத்தறது?"

அவள் பேருந்தில் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தீவன லாரி வந்தது. வெட்டியது போக மிச்சமிருந்த தடம் லாரிக்குச் சரியாக இருந்தது, இம்மியும் கூடுதல் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் குழியின் விளிம்பை உரசியபோது மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வசந்தாமணி லாரிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, "ஒடி, ஒடி, ரைட்ல ஒடி! நேரா வா, வா, வா" என்று கத்தினாள். அன்புச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பின்சக்கரம் தாண்டியதும் வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூட்டைகள் இறங்கின. தீவனம் கொட்டும் சத்தம் கேட்டுக் கோழிகளின் கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வசந்தாமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஓரமாக நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, மூஞ்சி வாடிப்போய்க் கெடக்குது? உன்ற பஸ்ஸு போயிருச்சே."

"பரீட்சை எழுத விடமாட்டாங்களாம்க்கா. எனக்கு இந்த வருஷம் போச்சு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அதெப்படி உடாம இருப்பாங்க? அவிங்க அப்பன் ஊட்டுக் காலேஜா?"

"முதல்வரோட மாமனார் வீட்டுக் காலேஜுக்கா."

"யாரு ஊட்டுதா இருந்தா என்ன?" வசந்தாமணி திரும்பி, ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த வக்கீலைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "ஏனுங் வக்கீலம்மா, வண்டிய ஆப் பண்ணுங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு கேசு இருக்குது. எத்தனை வாய்தா போட்டாலும் சரி, சாட்சிக்கு நானு வாரேன்."

உண்ணாமலை ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டிக் கண்ணாடியில் மாட்டினார்.

"அழாதே சாமி. பரீட்சை என்னைக்கு?" என்றார்.